சின்னவளின் முத்திரை

சின்னவளை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். "என் தங்கச்சி, நல்லா வேலை செய்வா" என்று மேனேஜரிடம் சொன்னபோது, இவ்வளவு நன்றாகச் செய்வாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. முன்பதிவு ஒன்றைத் திறந்தால் அதற்குள் நோயாளி, நோயாளிக்குள் முகவரி, நோய் விவரம், உறவினர்கள் என்று பெட்டிக்குள் பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கும். வரவேற்பறைத் திரைக்கு வேண்டியது பெயரும் நேரமும்தான். ஆனால் விவரங்களை அனுப்பும் சர்வர் கணினியோ எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்க் கொட்டிவிடும். அதைத் தடுக்க, ஒவ்வொரு திரைக்கும் தேவையானதை மட்டும் பொறுக்கி நகலெடுக்கும்படி பெரியவள் தனித்தனியாக நிரல் எழுதியிருந்தாள். அவளுடைய பெருமையே அதுதான்.

அதைப் படித்துவிட்டு, "இவ்ளோ எதுக்குக்கா?" என்றாள் சின்னவள்.

அவள் செய்தது எளிமையானது. ஒவ்வொரு விவரத்தின் தலையிலும் ஒரு முத்திரை: இது வரவேற்பறைக்குப் போகலாம், இது டாக்டருக்கு மட்டும். அனுப்பும் இடத்தில் ஒரே ஒரு நிரல் முத்திரையைப் பார்த்து, போகக்கூடாததை உள்ளேயே நிறுத்திவிடும்.

"இது ஏன் நமக்கு இத்தனை நாளா தோணல?" என்றார் மேனேஜர். 'நமக்கு' என்று சொன்னாரே தவிர, பார்த்தது பெரியவளைத்தான்.

அவளுக்கு வயிறு எரிந்தது. நேற்றுவரை 'அவங்க தங்கச்சி' என்று சின்னவளைக் காட்டியவர்கள், இன்று இவளை 'அந்தப் பொண்ணோட அக்கா' என்றார்கள்.

தங்கையின் நிரலைச் சரிபார்க்கும் பொறுப்பு பெரியவளிடமே வந்தது. ஓட்டை தேடித்தான் படித்தாள். கிடைத்தும்விட்டது. பெட்டிக்குள் பெட்டியாக இறங்கிய நிரல், பட்டியல்களுக்குள் மட்டும் நுழையவில்லை. உறவினர்கள் பட்டியல், போன் நம்பர்களோடு, அப்படியே வெளியே போகும். அதைச் சுட்டிக்காட்டி ஒரு வரி தட்டினாள். அழித்தாள். 'சரி' என்று அழுத்திவிட்டு எழுந்து போனாள்.

மாதிரி விவரங்களை வைத்து மருத்துவமனைத் தலைவிக்குச் செய்துகாட்டும் நாள் வந்தது. எல்லாம் முடிந்து அவர் தலையாட்டும் நேரத்தில் பெரியவள் தங்கையிடம் சொன்னாள்: "உறவினர் இருக்கற நோயாளி ஒருத்தரோட பதிவைத் திறந்து காட்டேன்."

வரவேற்பறைத் திரையில் உறவினர்களின் போன் நம்பர்கள் வந்து விழுந்தன. இனிக்கும் என்று காத்திருந்தாள் பெரியவள்.

சின்னவளின் முகம் ஒரு கணம் வெளுத்தது. "பட்டியலை விட்டுட்டேன். என் தப்புதான், மேடம்" என்றவள், எல்லோர் முன்னாலும் நிரலைத் திறந்து அங்கேயே திருத்தினாள். நம்பர்கள் மறைந்தன.

"மத்த திரையிலயும் இப்படித் திருத்தணுமா?" என்று கேட்டார் தலைவி.

"வேண்டாம் மேடம். இந்த ஒரு இடம்தான்."

"தப்பை இவ்ளோ நேரா ஒத்துக்கறவங்க அபூர்வம்மா" என்று அவர் சிரித்தார். பெரியவள் குனிந்துகொண்டாள். தன்னுடைய நிரலாக இருந்தால் ஒவ்வொரு திரையாகப் போய்த் திருத்தியிருக்க வேண்டும்.

லிஃப்டுக்கு முன்னால் சின்னவள் கேட்டாள்: "முன்னாடியே பாத்துட்டல்ல?"

பெரியவள் பையின் வாரைத் திருகினாள்.

"நீதானேக்கா சரின்னு போட்ட" என்றாள் சின்னவள். லிஃப்ட் வந்தும் ஏறாமல் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டில் அம்மா விசாரித்தாள். "ஒரு தப்பு இருந்துது. அக்கா கண்டுபிடிச்சா" என்றாள் சின்னவள்.

"அக்கா பக்கத்துல இருக்கறப்ப உனக்கென்னடி பயம்?"

"ஆமாம்மா" என்று தட்டைப் பார்த்தபடி சொன்னாள். காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையிலும் தன்னை முந்திவிட்டாளே என்று பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் பெரியவள் தன் பழைய நிரல்களை ஒவ்வொன்றாக நீக்கி, அந்த இடங்களில் தங்கையின் முத்திரைகளை வைத்தாள். சரிபார்க்கச் சின்னவளுக்கே அனுப்பினாள். பதில் சீக்கிரமே வந்தது: "நோய் விவரத்துக்குத் தப்பான முத்திரை. மாத்திடுங்க."

அக்கா என்ற சொல்லே அதில் இல்லை. எதிர் மேசையில் இருந்துகொண்டு, யாரோ ஒருத்தியிடம் சொல்வதுபோல 'ங்க' போட்டிருந்தாள். தப்பு தப்புதான், பெரியவள் மாற்றினாள். பொறாமை தீர்ந்துவிடவில்லை. ஆனால் அன்று முழுக்க அவளைச் சுட்டது அந்த மரியாதைதான்.