மூன்று தட்டு வீட்டின் சூட்டு மாநாடு

பனி கொட்டும் பார்க்டேலில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குள் மூன்று பிராந்தியங்கள் இருப்பது 1998 ஜனவரி வரை எனக்குத் தெரியாது. மேல்மாடியில் சீமோனும் மனைவி பேர்ணடெற்றும். நடுவில் வீட்டுக்காரர் கனகசிங்கம் அண்ணை. நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்றில் நான், குணவதி, பிறந்து பத்தொன்பது நாளான எங்கள் மகள். முழு வீட்டையும் சூடாக்க ஒரேயொரு பேர்னஸ். அதன் சூட்டுக்காற்றெல்லாம் மேலே ஓடிவிடும். சீமோன் வெக்கை தாங்காமல், வெறும் பெனியனோடு, யன்னலைத் திறந்துவைத்திருப்பார். கீழே என் பிள்ளையின் கால் ஐஸ்கட்டியாகக் கிடக்கும். பொறுக்க முடியாமல் ஒரு மின்சார ஹீற்றர் வாங்கிவைத்தேன். அதுதான் பிழையாகிப்போயிற்று.

அண்ணை கியோட்டோ மாநாட்டுச் செய்திகளைப் பேப்பரிலிருந்து வெட்டிச் சேர்த்துக்கொண்டிருந்த காலம்.

"தம்பி அன்புராசா, உலகமே கரிப்புகையைக் குறைக்குது. உம்மட ஹீற்றருக்காக எங்கேயோ நிலக்கரி எரியுது, தெரியுமோ?"

"மேல யன்னல் திறந்து கிடக்குதே அண்ணை?"

"அது அவையின்ர உள்விவகாரம். மூண்டு பிராந்தியமும் கூடிக் கதைச்சுத்தான் ஒரு முடிவுக்கு வரவேணும்."

மேல்மாடியில் சூட்டுக்காற்று வரும் துவாரங்களைப் பாதி மூடினால் போதும். ஐந்து நிமிட வேலை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஐந்து நிமிட வேலைக்கும் தலைவர், செயலாளர், போசகர் எல்லாம் வேண்டுமே. அண்ணை தன் ஊர்ச்சங்க நிர்வாகத்தைப் பார்வையாளர்களாக அழைத்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தூரத்து யூனியன்வில்லிலிருந்தும் பிக்கரிங்கிலிருந்தும் பதினான்கு பேர் வந்தார்கள், பதினான்கு காரில். அண்ணையின் வெள்ளைக் கார்ப்பெற் ஊத்தையாகிவிடுமென்று கூட்டம் என் பேஸ்மென்றில். எனக்கு நல்ல விசர்க்கோபம்.

"முதல்ல ஹீற்றரை நிப்பாட்டும்," என்றார் அண்ணை. "கூட்டத்துக்கு ஒரு மரியாதை வேணும்."

நிறுத்தித் தொலைத்தேன்.

பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை ஹீற்றர் போட்டால் நான் இரட்டை மின்கட்டணம் கட்டவேண்டும் என்பது முதல் தீர்மானம். சீமோன் எழுந்து, தன் மிகைச் சூட்டைக் கீழ்ப் பிராந்தியத்துக்கு நியாய விலையில் தரலாம் என்றார்.

"யன்னலால ஊருக்கே சும்மா குடுக்கிறியள்தானே," என்றேன்.

செயலாளர் அதைக் குறிப்பிலிருந்து வெட்டினார். துவாரங்களை மூடுவது பற்றி ஆராய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. அறிக்கை மே மாதம் வரும் என்பது இரண்டாவது தீர்மானம். மே மாதத்தில் சூடு யாருக்கு வேண்டும்? நாலு வார்த்தை ஏசிவிட்டு எல்லோரையும் துரத்துவதென்று எழுந்தேன். பிள்ளையின் படுக்கையை மறைத்த திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குணவதி கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளையின்ர காலை ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். சூடாக இருந்தது. ஹீற்றராலும் முடியாதது; ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பதினேழு பேரின் மூச்சும் வாக்குவாதமும் அந்தப் பதிந்த கூரைக்குக் கீழே நிறைந்துபோயிருந்தன. சின்ன யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. மகள் வாயைத் திறந்தபடி நித்திரை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரைக்கு அந்தப்பக்கம் அண்ணை நன்றியுரையைத் தொடங்கியிருந்தார். ஆட்கள் கோட்டைக் கொளுவிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கையை உயர்த்தினேன்.

"தலைவர் அவர்களே, ரெண்டாவது தீர்மானத்தில எனக்கு ஆட்சேபம் இருக்கு. நிறையக் கதைக்கவேணும். நாளைக்கும் கூடவேண்டிவரும்."

எல்லோரும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, சந்தோசமாகத் திரும்ப உட்கார்ந்தார்கள்.