செங்கோட்டைக்காரன் செய்த பைப்

துல்கர்னைனுக்கு யாரைக் கண்டாலும் ஒரு இளப்பம். சாரல் சீசனில் கார் கண்ணாடியை இறக்கி, அருவிக்கு எப்படிப் போகணும் என்று கேட்பவர்கள் மேல் இளப்பம். ஐந்தருவியில் தலையைக் கொடுத்துக் குளிக்கும்போதும் கூலிங் கிளாஸைக் கழற்றாதவர்கள் மேல் இளப்பம். மேலகரத்தில் அவன் வீட்டு வாசலில் தொங்கிய 'பைப் செய்து தரப்படும்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, ரெண்டு இஞ்சு எல்போ கிடைக்குமா என்று படியேறி வந்தவர்கள் மேல் எல்லோரையும்விடக் கூடுதல் இளப்பம். கொஞ்ச நாளில் அந்தப் பலகையை அவனே கழற்றிப் பரணில் போட்டுவிட்டான்.

ஷார்ஜாவில் ஒரு புகையிலைக் கடையின் பின்னறையில், வெள்ளைக்காரர்கள் புகைபிடிக்கும் பைப்புகள் உடைந்து வந்தால் சரிசெய்யும் வேலைக்குப் போனவன் அவன். நாளாக ஆகப் புதிதாகவே செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினான். மாடியில் தகரக் கூரை போட்டு, சின்னதாக ஒரு கடைசல் மெஷின் வாங்கி வைத்தான். கட்டை மட்டும் இத்தாலியிலிருந்து கூரியரில் வரும். ப்ரையர் என்று பெயர். அந்தப் பக்கத்து மலைகளில் வளரும் ஒரு புதர்ச்செடி. வேரும் தண்டும் சேருகிற இடத்தில் புடைத்து நிற்கும் முண்டுதான் அவனுக்கு வேண்டியது. கல்லிடுக்கில் காய்ந்துகிடந்து வளர்வதால் நெருப்புக்கு லேசில் மசியாது. அதை வேகவைத்து, வருஷக்கணக்கில் உலரவிட்டுத்தான் விற்பார்கள்.

அவன் வேலையில் குறை சொல்ல முடியாது. புகையிலை போடும் கிண்ணத்தைக் குடைவான், காம்பில் புகை வருகிற துளையைப் போடுவான். அந்தத் துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில் போய்ச் சரியாகத் திறக்கும். ஒரு மயிரிழை மேலே போனாலும் அடியில் ஈரம் தங்கி, இழுக்கும்போது களகளவென்று சத்தம் வரும். அவன் பைப்பில் சத்தம் வந்ததில்லை. குற்றாலத்துக் கடைகளில் தேக்கிலும் தோதகத்தியிலும் கடைந்து பைப் என்று தொங்கவிட்டிருப்பதைப் பார்த்தால், தெருவில் நின்றே சிரிப்பான்.

ப்ரையரில் ஒரு தொல்லை உண்டு. வளரும்போதே மணலையும் பொடிக்கல்லையும் விழுங்கிவைத்திருக்கும். வெளியே தெரியாது. பாதி வேலை முடிந்து உப்புத்தாள் போடும் நேரத்தில் ஒரு குழி வாயைத் திறக்கும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அதை அடைத்து, சாயம் ஏற்றி விற்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். துல்கர்னைன் அடைக்க மாட்டான். குழி விழுந்த கட்டையை மூலையிலிருக்கும் சாக்கில் எறிந்துவிடுவான். "அடைக்கிறதுன்னா பல் டாக்டராப் போயிருப்பேன்," என்று மனைவி மாஜிதாவிடம் சொல்வான். எத்தனை தடவை கேட்டாலும் அவள் இதற்குச் சிரித்ததில்லை.

போன வருஷம் ஒரு பங்குனி வெயிலில் உமாசங்கர் வந்தார். வாசுதேவநல்லூர்க்காரர், போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், எலுமிச்சைத் தோப்பு இருக்கிறது. மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குமுன் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"பாய், எனக்கு அறுபதாங்கல்யாணம் வருது. போட்டோவுல கையில ஒரு பைப் இருந்தா நல்லாருக்கும்னு மவன் சொல்லுதான். மீசைக்கு எடுப்பா பெருசா ஒண்ணு செய்யும்."

"என்ன புகையிலை போடுவிய சார்?"

"புகையிலை எதுக்கு? நான் பீடிகூடத் தொட்டதில்ல. சும்மா கையில வச்சுக்கிடத்தான்."

துல்கர்னைன் அவரை மேலும் கீழும் பார்த்தான். சாயம் பூசிய மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கையில் தங்கச் சங்கிலி. கல்யாண மண்டப வாசலில் பிளக்ஸில் சிரித்துக்கொண்டு நிற்கப்போகிற ஆள். இந்த ஆளுக்காகவா இத்தாலி மலையில் ஒரு செடி அத்தனை வருஷம் தாகத்தில் கிடந்தது என்று நினைத்தான். சரி சார், செய்துடலாம் என்றான்.

அவர் போனதும் மூலைச் சாக்கைக் கவிழ்த்தான். பெரிய கட்டையாக ஒன்று கிடைத்தது. பக்கவாட்டில் மொச்சைக்கொட்டை அளவுக்குக் குழி. குழிக்கும் கிண்ணத்தின் உள்சுவருக்கும் நடுவே கனமே இல்லை. மரத்தூளில் பசையைக் குழைத்து அடைத்தான். மேலே கருஞ்சிவப்புச் சாயம் ஏற்றினான். உள்ளே கரியைக் குழைத்துப் பூசினான். இதற்கு முன் செய்யாத வேலையாக இருந்தும் கை கூசவில்லை. உள்ளூரச் சிரிப்பு வந்தது. தேநீர் கொண்டுவந்த மாஜிதா நின்று பார்த்தாள்.

"குப்பைன்னு எறிஞ்ச கட்டைதானே? இதையா குடுக்கப் போறிய?"

"போட்டோவுக்கு நிக்கப் போறவனுக்கு இது போதும். அவன் என்ன நெருப்பா வைக்கப் போறான்? புகைக்கத் தெரியாதவன்லாம் பைப் கேக்கான்."

"நீங்க மட்டும் புகைக்கியளா?"

அவன் புகைப்பதில்லை. தேநீரை வாங்கிப் பக்கத்தில் வைத்தான்.

உமாசங்கர் வந்து வாங்கிக்கொண்டு போனார். திருப்பித் திருப்பிப் பார்த்து, குழந்தையை வாங்குகிற மாதிரி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டதை, அன்று பூராவும் மாஜிதாவிடம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான் துல்கர்னைன்.

ஆனி மாதம் சாரல் கட்டியது. பைப் பிடிக்கிறவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கொச்சி, பெங்களூர், சென்னையிலிருந்து குற்றாலத்துக்கு வந்தார்கள். ஐந்தருவிப் பாதையில் ஒரு பங்களா எடுத்துத் தங்கினார்கள். இணையத்தில் துல்கர்னைனின் வேலையைப் பார்த்திருந்தவர்கள். ஒரு சாயங்காலம் அவனைக் கூப்பிட்டு நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அவர்களையும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் இழுத்துவிட்டு, கண்ணை மூடி, மழையில் நனைந்த வைக்கோல் வாசனை என்றார். இன்னொருவர் இல்லை, அத்திப்பழம் என்றார். வைக்கோலுக்கும் அத்திப்பழத்துக்கும் சண்டை மூண்டு, ஒருவரையொருவர் சார் சார் என்று ஏசிக்கொண்டார்கள். வைக்கோல் திங்க இத்தனை செலவழித்து வந்திருக்கிறதுகள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, துல்கர்னைன் மரியாதையாகத் தலையாட்டினான். ஆனால் அவர்கள் புகழ்ந்தது பிடித்திருந்தது. சங்கத்தின் தலைவரான கொச்சி டாக்டர், "ஒரு குழியைக்கூட அடைக்காத ஆள் இந்தியாவிலேயே இவர்தான்," என்று தோளில் கைவைத்துச் சொன்னபோது, மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் உமாசங்கர் வந்தார். அருவியில் குளித்துவிட்டு மேலகரத்தில் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாஜிதா இங்கே அனுப்பியிருக்கிறாள். ஈரத் தலை, வேட்டி, கையில் ஒரு பை நிறைய எலுமிச்சை.

"துல்கர்னைன் பாயைப் பாக்க வந்தேன்," என்றார். பைப் ஆட்கள் அவருக்கும் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தவர் சட்டைப்பையிலிருந்து பைப்பை எடுத்தார்.

துல்கர்னைன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தான். கிண்ணத்தின் விளிம்பு கறுத்திருந்தது.

"அறுபதாங்கல்யாணத்துல புகை வந்தாத்தான் போட்டோ நல்லாருக்கும்னு பத்த வச்சாங்க," என்றார் உமாசங்கர், கொஞ்சம் வெட்கத்தோடு. "அப்படியே பிடிச்சுப் போச்சு. சாயந்தரம் தோப்புல ஒத்தையில உக்காந்து ஒரு கிண்ணம். வேற ஒண்ணும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கொச்சி டாக்டர் கையை நீட்டி பைப்பை வாங்கினார். பக்கவாட்டில் ஒரு இடம் லேசாக உப்பியிருந்தது. அதில் நகத்தை வைத்து அழுத்தினார். அடைப்பு முழுசாகக் கழன்று மேஜையில் விழுந்தது, கறுத்த பல் ஒன்று விழுந்த மாதிரி. சுவரில் ஓட்டை. ஓட்டை வழியே உள்ளேயிருக்கும் சாம்பல் தெரிந்தது.

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. துல்கர்னைனைப் பார்த்துக் கேட்டார். "இது நீங்க செஞ்சதா?"

"இல்ல," என்றான் துல்கர்னைன்.

யோசித்துச் சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதிலேயே விழுந்தது. உமாசங்கர் பக்கம் முகத்தைத் திருப்பாமல், மேஜைமேல் கிடந்த அடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வாயைத் திறப்பார், எல்லாம் முடிந்தது என்று காத்திருந்தான்.

"இவரு செய்யல," என்றார் உமாசங்கர். "செங்கோட்டையில ஒரு பய. பெரிய வேலைக்காரன்னு சொன்னாவ. நம்பிட்டேன்."

"இவ்வளவு பக்கத்துல இவரை வச்சுக்கிட்டு அங்க போனீங்களா?" என்று அத்திப்பழக்காரர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் நல்ல பைப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பாடம் நடத்த ஆரம்பித்தார். உமாசங்கர் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டு, ஓட்டைப் பைப்பைத் துண்டில் சுற்றினார். எலுமிச்சைப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

துல்கர்னைன் பின்னாலேயே வெளி வாசல்வரைக்கும் போனான். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"சார், ஏன் அப்படிச் சொன்னிய?"

உமாசங்கர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "ஸ்டேஷன்ல பொய் சொல்லுதவனைப் பாத்தா எனக்குக் கை துருதுருன்னு வரும் பாய். எத்தனையோ பேரை அடிச்சிருக்கேன். இன்னைக்கு நீரு இல்லன்னு சொன்னீரு பாரும், உம்மைத் தொடவே எனக்குப் பிடிக்கல. அதான் விட்டுட்டேன்." துண்டில் சுற்றியதைப் பக்கத்து சீட்டில் வைத்தார். "உள்ள போம். உமக்காகத்தான் உக்காந்திருக்கானுவ."

கார் போய்விட்டது. அவன் உள்ளே போனான். அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். ரெண்டு பேர் பைப்புக்குச் சொல்லிவைத்தார்கள். யார் என்ன கேட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து நினைத்துப்பார்த்தால் ஒன்றும் ஞாபகம் இல்லை.

அந்தப் போலீஸ்காரன் யோக்கியனா என்று மாஜிதாவிடம் கத்தினான். லாக்கப்பில் எத்தனை பேரை உதைத்திருப்பான், அவனே வாயால் ஒத்துக்கொண்டான் என்றான். என்ன நடந்தது என்று அவள் துருவித் துருவிக் கேட்டு வாங்கிவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டபின், "அவரு யோக்கியனா இல்லியான்னு நான் கேக்கலியே," என்றாள். அப்புறம் ரெண்டு நாள் தேவைக்கு மேல் பேசவில்லை.

மறுவாரம் அவன் மாடியேறி, தனக்கென்று எடுத்துவைத்திருந்த கட்டையை வெளியே எடுத்தான். தீ நாக்குபோல நெளிநெளியாக மேலேறும் ரேகை. அந்த மாதிரி எப்போதாவது ஒன்றுதான் அமையும். மெதுவாகக் கடைந்தான். உப்புத்தாள் போடும் ஒவ்வொரு தடவையும் குழி திறந்துவிடுமோ என்று பயந்தான். திறக்கவில்லை. சாயமே ஏற்றவில்லை, மெழுகு மட்டும் தேய்த்தான். வழக்கமாகச் செய்வதுபோலக் காம்பின் அடியில் தன் பெயரின் முதல் எழுத்தைச் சூடான அச்சால் பதித்தான். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கடையநல்லூர், புளியங்குடி தாண்டி வாசுதேவநல்லூருக்கு பஸ் ஏறினான்.

தோப்பு வீட்டில் உமாசங்கர் பனியனோடு உட்கார்ந்து, எலுமிச்சை மூட்டை கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் செய்தித்தாள் கிடந்தது. அதை எடுக்கவும் இல்லை. துல்கர்னைன் நின்றபடியே துணியைப் பிரித்து நீட்டினான்.

"உங்களுக்காகச் செய்தேன் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைப்பை வெயிலில் பிடித்தார். கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவினார். பக்கவாட்டில் அங்குலம் அங்குலமாக நகத்தால் அழுத்திப் பார்த்தார். கைதியின் மடியைச் சோதிப்பதுபோல நிதானமாகச் சோதித்தார். மூட்டை கட்டுகிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். துல்கர்னைனுக்கு முகம் எரிந்தது. இந்தக் காட்டானுக்கு ரேகை என்றால் என்ன தெரியும், எதைத் தேடுகிறான் இவன் என்று உள்ளே ஏசினான். கால் மட்டும் நகரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். காம்பைத் திருப்பினார். "இது என்ன எழுத்து?"

"என் பேரு சார். நான் செய்யுதது எல்லாத்துலயும் போடுவேன்."

"அதுல இல்லியே."

துல்கர்னைன் கையிலிருந்த துணியை மடிக்க ஆரம்பித்தான்.

"இதை அழிச்சுக் குடும்," என்றார் உமாசங்கர். "செங்கோட்டைப் பய செய்ததாவே இருந்துட்டுப் போட்டும்."

"பேரு இல்லாட்டி இதுக்கு மதிப்பு இல்ல சார்."

"எனக்கு மதிப்பு வேண்டாம். புகை வந்தாப் போதும். அழிக்கலன்னா எடுத்துட்டுக் கெளம்பும்."

அவர் குரல் உயரவில்லை. துல்கர்னைன் பைப்பைக் கையில் வாங்கினான். அப்படியே திரும்பி நடந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. கொச்சி டாக்டர் இதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார். பெங்களூர்க்காரர் போட்டி போடுவார். ஆனாலும் அவன் தோளில் எப்போதும் கிடக்கும் வேலைப்பையைத் திறந்து உப்புத்தாளை எடுத்தான். உட்கார இடமில்லாததால் தூணில் சாய்ந்து நின்று தேய்த்தான். எழுத்து ஆழமாகப் பதிந்திருந்தது. வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, மரத்தூள் அவன் சட்டையில் உதிர்ந்தது. எழுத்து மறைந்த இடம் கொஞ்சம் பள்ளமாக, மெருகில்லாமல் வெளிறிக் கிடந்தது. அதையும் ஒருமுறை துணியால் துடைத்துக் கொடுத்தான்.

உமாசங்கர் புகையிலையை எடுத்துத் திணித்தார். தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல அடைத்தார். அவ்வளவு இறுக்கினால் புகை வராது. சொல்லலாமென்று துல்கர்னைன் வாயெடுத்தான். அதற்குள் அவர் தீக்குச்சி கிழித்து, ரெண்டாவது குச்சியில் பற்றவைத்து, இழுத்துவிட்டு, மூட்டைப் பக்கம் திரும்பி, "ஏலே, அந்தச் சாக்குல பழுத்ததைப் போடாதன்னு எத்தனை தடவ சொல்லுதேன்," என்றார்.

துல்கர்னைன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். இனி தன்னிடம் பேச்சு இல்லை என்று தெரிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

வீட்டில் மாஜிதா கதவைத் திறந்தாள். "என்ன சொன்னாரு?"

"வாங்கிக்கிட்டாரு. புகையிலை அடைக்கத் தெரியல மனுசனுக்கு."

"சொல்லிக் குடுத்தியளா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளை வாசலிலேயே நின்று தட்ட ஆரம்பித்தான்.