மேலே நின்ற மாத்திரை

எர்மோசீயோவில் மின்சாரப் பெட்டிக்குள் இருக்கும் பிரேக்கரை யாரும் பிரேக்கர் என்று சொல்வதில்லை. மாத்திரை என்பார்கள். மாத்திரை விழுந்துவிட்டது, மாத்திரையை ஏற்று, புது மாத்திரை வாங்கிப் போடு. மருந்துக்கடைக்காரனும் மின்சாமான் கடைக்காரனும் ஒரே வார்த்தையை வைத்துப் பிழைக்கிற ஊர் அது. நொயெமிக்கு மாமனார் செத்த வாரம் டாக்டர் தூக்கத்துக்கு எழுதிக் கொடுத்ததும் மாத்திரைதான். அதை அவள் வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். தூங்கினாயா என்றால் தூங்கினேன் என்றாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்றாள். அழுதாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் அழவில்லை என்பதைத்தான் எல்லோரும் பார்த்து வைத்திருந்தார்களே.

மாமனார் தோன் சிப்ரியானோ பக்கவாதத்தில் ஒரு பக்கம் விளங்காமல் கட்டிலோடு கிடந்தவர். ஆகஸ்டில் ஒரு மதியம், தார் ரோடு இளகுகிற வெயிலில், வீட்டில் மின்சாரம் நின்றது. அவர் அறையின் ஏசியும் நின்றது. நொயெமியின் கணவன் லெயோனெல் டயர் கடையில் வேலை முடித்து வருவதற்குள் கிழவர் போய்ச் சேர்ந்திருந்தார். லெயோனெல் வெளியே ஓடிச் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தான். மின்சாரம் வந்தது. என்ன ஆச்சு என்று அவனுடைய அக்கா கிராசியெலா கேட்டதற்கு, மாத்திரை விழுந்திருந்தது என்றான். அவன் சொன்னது அவ்வளவுதான். போய் ஏற்றிவிட மருமகளுக்கு உடம்பு வணங்கவில்லை, கிழவர் வெந்து செத்தார் என்ற மிச்சத்தை மற்றவர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

தான் போய்ப் பார்த்ததாகவும், அது மேலேதான் இருந்ததாகவும் நொயெமி சொன்னாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஒன்பது நாள் ஜெபமாலைக்கு நடுவிலும் சொன்னாள். யார் நம்புவார்கள்? மாத்திரை மேலே இருந்தால் மின்சாரம் இருக்கும், கீழே இருந்தால் இருக்காது, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. கிராசியெலா வாய்விட்டுத் திட்டுகிறவள் இல்லை. ஊசியை வெல்லத்தில் வைத்துக் கொடுக்கிற ஆள். "அந்த வெயில்ல வாசலுக்குப் போகணும்னா யாருக்குத்தான் மனசு வரும், பாவம்," என்று நொயெமியின் தோளைத் தடவிக்கொடுத்தாள்.

லெயோனெல் அப்போது பக்கத்தில்தான் இருந்தான். காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அன்று மதியம் அவள் அவனுக்குப் போன் செய்திருந்தாள். மாத்திரையைப் பாத்தியா என்று கேட்டான். பாத்தேன், மேலதான் இருக்கு என்றாள். அப்போ தெருவுக்கே போயிருக்கும், கொஞ்ச நேரத்துல வந்துரும் என்றான். கோடையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்காத தெரு அந்த ஊரில் ஏது? அவளும் நம்பினாள். மின்சாரக் கம்பெனிக்குக் கூப்பிட்டாள், உங்கள் புகார் பதிவாகிவிட்டது என்று ஒரு இயந்திரக் குரல் நன்றி சொன்னது. ஜன்னல்களை அடைத்துவிட்டுத் துணி நனைத்துக் கிழவரின் மேல் போட்டாள்.

அந்தப் போனைப் பற்றி அவள் ஒரே ஒரு தடவை, படுக்கையில், லெயோனெலிடம் கேட்டாள். இருட்டு வீட்டிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசும், நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய் என்றான். பேச்சில் கோபமில்லை. அதனால்தான் அது அவளுக்குள் தங்கிவிட்டது. தன் கண்ணையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்தாள். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தாள். கதவைத் தாளிட்டுவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். பார்த்தது பார்த்ததுதான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை. மாவு பிசைந்தாள், தோர்த்தியா சுட்டாள், துணி மடித்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது, அவள் எங்கேயோ இருந்தாள்.

செப்டம்பரிலும் வெயில் குறையவில்லை. ஒரு மதியம் துவைக்கும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு இஸ்திரி தேய்க்க உட்கார்ந்தாள். கிழவரின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை. டக்கென்று எல்லாம் நின்றது. வெளியே போனாள். இந்தத் தடவை கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கூச்சம் அடங்கும்வரை நின்று, பிறகு பெட்டியைத் திறந்தாள். மாத்திரையின் சின்ன நெம்பு பாதியில் தொங்கியது. முழுக்கக் கீழே தள்ளி மேலே ஏற்றினாள். உள்ளே ஏசி முனகியது, மாத்திரை விழுந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை ஏற்றிவிட்டுக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விழுந்துதான் பாரேன் என்கிற மாதிரி, வீம்பாக.

விரலுக்கு அடியில் டக் என்று ஒரு தட்டு தட்டியது. நெம்பு அசையவில்லை. அது மேலேயே நின்றது. ஆனால் ஏசியின் சத்தம் நின்றுவிட்டது.

அவள் விரலை எடுக்கவில்லை. நெம்பைப் பார்த்தாள். மேலே. வீட்டுக்குள் காதைக் கொடுத்தாள். ஒன்றுமில்லை.

இந்த மாத்திரையைத் தயாரித்தவன் முட்டாள் இல்லை. மாத்திரை காவல் காப்பது ஏசியையோ ஃபிரிட்ஜையோ அல்ல, சுவருக்குள் ஓடும் கம்பியை. கம்பி தாங்குவதற்கு மேல் மின்சாரம் இழுத்தால் உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூட்டில் வளையும். வளைந்தால் பிடி விட்டுவிடும். வெளியே எவனாவது நெம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான் என்பதையும் முன்கூட்டியே யோசித்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நீ பிடி, கட்டு, முட்டுக் கொடு, அது பாட்டுக்கு உள்ளே விட்டுவிடும். இது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. கட்டைவிரலுக்குத் தெரிந்தது.

விரலை எடுத்தபோது பிசுபிசுத்தது. நெம்பின் இரண்டு பக்கமும், பெட்டியின் விளிம்புவரை, டேப்பின் கோந்து கறுப்பாகப் படிந்து தூசி ஒட்டியிருந்தது. கறுப்பு நெம்பின் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தால் அந்த வெயிலில் யார் கண்ணுக்குத் தெரியும்? ஜூலையிலிருந்து தினமும் மாத்திரை விழுந்துகொண்டிருந்ததும், அவள் தினமும் வெயிலில் வந்து ஏற்றிக்கொண்டிருந்ததும், கிழவர் சாவதற்கு இரண்டு நாள் முன்னால் விழுவது சட்டென்று நின்றுபோனதும் நினைவுக்கு வந்தன. அப்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் நின்றது என்று கேட்டிருக்கவில்லை.

கோபம் வரும் என்று காத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வரவில்லை. உள்ளே போய் இஸ்திரியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

கிழவருக்கு மாதப் பூசை முடிந்த ஞாயிறு, கிராசியெலா சாப்பிட வந்திருந்தாள். மச்சாகா இறைச்சியும் தோர்த்தியாவும் மேசையில் ஆறிக்கொண்டிருந்தன. நொயெமி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டாள், இஸ்திரியைச் செருகினாள், மைக்ரோவேவில் வெறும் தண்ணீரை வைத்துச் சுற்றவிட்டாள். விருந்து நேரத்தில் என்ன துணி துவைக்கிறாய் என்று நாத்தனார் கேட்டாள். நொயெமி லெயோனெலை வெளியே கூப்பிட்டாள். பெட்டியைத் திறந்து, அவன் கட்டைவிரலை எடுத்து நெம்பின் மேல் வைத்து அழுத்தினாள்.

"விடாத," என்றாள்.

இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் விரலுக்கு அடியில் அது தட்டியதை அவன் முகத்தில் பார்த்தாள். வீடு அமைதியானது. பக்கத்து வீட்டு ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மேலதான இருக்கு?"

அவன் தலையாட்டினான்.

"நீ வெயில்ல வந்து வந்து ஏத்துறியேன்னுதான் ஒட்டினேன்," என்றான். "சத்தியமா. ஒட்டினா விழாதுன்னு நெனச்சேன். நீ போன்ல மேல இருக்குன்னு சொன்னப்பவும் அப்படித்தான் நெனச்சேன். வந்து பாத்தா பக்கத்து வீட்ல கரண்ட் இருக்கு. அப்பத்தான் எனக்கு..."

டேப்பை உரித்து எங்கே போட்டாய் என்று கேட்டாள். டவுசர் பையில் வைத்திருந்தேன், அடக்கம் முடிந்து வரும் வழியில் எறிந்தேன் என்றான். அழ ஆரம்பித்தான், விரலை எடுக்காமலே. அக்காவுக்குத் தெரிய வேண்டாம், அவள் தாங்க மாட்டாள் என்றான்.

அவன் அன்பாகத்தான் ஒட்டினான் என்பதை அவள் நம்பினாள். நம்பியும் அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. "நீயே போய் சொல்லு," என்றாள். "நான் சொன்னா யாரும் நம்பல. நான் போய்ப் பாத்தேன்னு மட்டும் சொல்லு, போதும்."

அவன் போனான். வேறு வழியில்லை, தெருவுக்குப் போகும் வழியை அவள் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இருட்டில் மேசைக்கு முன்னால் விசிறிக்கொண்டிருந்த அக்காவிடம், அவள் பார்த்தாள், மேலேதான் இருந்தது, நான்தான் டேப் ஒட்டி வைத்திருந்தேன் என்று சொல்லி முடித்தான். கிராசியெலா விசிறுவதை நிறுத்தினாள். நொயெமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அது அவள் சுபாவத்திலேயே கிடையாது. ஆனால் இத்தனை நாளில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். அப்பா கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். அதுவரை நொயெமியிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை. மாத்திரையைப் பற்றியே எல்லோரும் கேட்டார்கள்.

"தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அப்புறம் கரண்ட் வந்துச்சான்னு கேட்டாரு. கேட்டுக்கிட்டே இருந்தாரு, அண்ணி. நான் ஒவ்வொரு தடவையும்..." நொயெமி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப வந்துரும் மாமா, இப்ப வந்துரும்னு சொன்னேன்."