படிக்குக் கீழே ஓர் அறை

அன்று காலை ஸ்டுடியோவில் இருந்தவர்கள்: அதைக் கட்டி, பாட்டுகளைப் பதிந்துவந்த மாமா. அங்கே பாடியே பேர் வாங்கிய அத்தை, அவர் மனைவி. லேப்டாப்போடு அவர்கள் மகள். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் ஒயர் தூக்க வந்த நான். அடுத்த வாரம் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதற்குள் ஒரு பாட்டையாவது பழைய சத்தத்தோடு பதிந்துவிட வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக இருந்தார்.

அந்தச் சத்தம் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறையில் பிறந்தது. ஜன்னல் கிடையாது. சுவர்களைச் சிமென்டால் வழவழவென்று பூசிப் பச்சை எனாமல் அடித்திருந்தார் மாமா. ஒரு மூலையில் ஸ்பீக்கர், எதிர் மூலையில் மைக். மேலே அத்தை பாடுவார். குரல் ஒயர் வழியாகக் கீழே இறங்கி, சுவர்களில் முட்டி, நீளமான வாலோடு திரும்பி வரும். அந்த வால் அடங்கும்வரை அடுத்த வரியைத் தொடக்கூடாது. மாமா போட்ட சட்டம்.

கேசட் கேட்டு வளர்ந்தவர்கள் அதையே பாணி என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போதும் எங்கள் பக்கத்துப் பாடகர்கள் திறந்த மைதானத்தில் பாடினாலும் வரி முடிந்ததும் நிற்பார்கள், வராத ஒன்றுக்காக. வெளியூர்க்காரர்கள் பாட்டு மறந்துபோச்சு போல என்று நினைப்பார்கள்.

ஸ்பீக்கரை எலி கடித்துக் குதறியிருந்தது. மகளின் சின்ன ஸ்பீக்கரை வைத்துப் பார்த்தோம், கொசு பாடியது. லேப்டாப்பிலேயே எதிரொலி இருக்கிறது என்று அவள் ஒன்றைப் போட்டுக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற யாரோ வீட்டுப் படிக்கட்டு" என்றார் அத்தை. பிறகு, தானே உள்ளே போய்ப் பாடுவதாகச் சொன்னார்.

மாமா ஆடிப்போனார். யாரையும் அவர் உள்ளே பாட விட்டதில்லை. பாடின வரி திரும்பி வந்து பாடுகிற வரிமேல் ஏறும், சுருதி நழுவும் என்பார். அத்தை அந்த அறையைப் பெருக்கக்கூடப் போனதில்லை. இப்போதெல்லாம் மேல் ஸ்தாயியில் அவர் குரல் உடைகிறது. எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உள்ளே உடைந்தால் அதற்கும் வால் முளைக்கும்.

மகள் உள்ளே சிக்னல்கூட இருக்காது என்று மிரட்டிப் பார்த்தாள். யாருக்குப் போன் பண்ணப் போகிறேன் என்று கேட்டுவிட்டு, அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

இரும்புக் கதவு. பூட்டாமல் விட்டால் கீழ் ஸ்வரத்துக்கு நடுங்கும், மைக் அதையும் பிடித்துவிடும். மாமா சாவியோடு கதவருகில் நின்றார்.

"பயமா இருந்தா இப்பவே சொல்லு."

"உங்ககூட இத்தன வருஷம் குடும்பம் நடத்திட்டேன். இந்த ரூம் என்னை என்ன பண்ணிடும்?"

மாமா சிரிக்கவில்லை. "குரல் உடைஞ்சா?"

"உடைஞ்சதையும் சேர்த்து எடுங்க. நடுவுல திறக்காதீங்க."

அத்தை தலையைக் குனிந்து உள்ளே போனார். பச்சைச் சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு மைக் முன்னால் நின்றார். மாமா கதவைச் சாத்தினார். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.