கறுப்புக் குடைக்கு உரியவர்

பேருந்து நிலைய மேலாளருக்குத் துப்புரவுப் பெண்கள் வைத்த பெயர் புகைபோக்கி. அவர் போன வழியைக் கண்ணை மூடிக்கொண்டு மூக்காலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், தங்கை ஒருத்தியைத் தவிர. அவளுடைய அக்கா அந்த நிலையத்தின் அறிவிப்பு அறையில் பதினொரு வருடம் மைக் முன்னால் உட்கார்ந்தவள். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, தொலைந்த பொருட்களுக்கு ஒரு அலமாரி, அவ்வளவுதான் அந்த அறை. நிலையத்தில் ஏசி இருந்தது அங்கே மட்டும்தான். அதனால் புகைபோக்கி சிகரெட் பற்றவைக்க அங்கேதான் வருவார். அக்காவின் குரல் முதலில் கம்மியது, பிறகு உடைந்தது, கடைசியில் வெறும் காற்றாகப் போனது.

அறைக்குள் புகைபிடிப்பதை நிறுத்தச் சொல்லி அக்கா மனு கொடுத்தாள். அது திரும்பி வந்தபோது ஓரத்தில் மேலாளர் தன் கைப்பட எழுதியிருந்தார்: ‘அறிவிப்பு அறை பொது இடமல்ல. வெளியார் நுழைவதில்லை.’ அடுத்த மாதம் வேலையும் போனது. எல்லோர் முன்னாலும் அவர் சொன்னார்: “சட்டி சுரண்டுற மாதிரி இருக்கும்மா உன் குரல். பயணிங்க பயப்படுறாங்க.”

வேறு ஆள் போடாமல் அன்றிலிருந்து அவரே மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை பரீட்சை எழுதி, நகரசபையின் புகைத் தடுப்புப் பிரிவில் சேர்ந்தாள். அந்த நிலையத்தையே கேட்டு வாங்கினாள். மனுவை மடித்து அபராதச் சீட்டுப் புத்தகத்தின் உறைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் புகையைப் பார்த்து ஒருநாள் வாசலில் போய் நின்றாள். அவர் எழுந்திருக்கவே இல்லை. எரிகிற சிகரெட்டாலேயே கதவைக் காட்டினார்.

“போர்டைப் படிங்க இன்ஸ்பெக்டரம்மா. பொதுமக்கள் உள்ளே வரக் கூடாது. அப்ப இது எப்படிப் பொது இடம்?”

விதி அவர் பக்கம்தான் இருந்தது. பொதுமக்கள் அழைக்கப்படும் இடமே பொது இடம். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அவர்கள் வீடு நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒலிபெருக்கி சமையலறை வரை கேட்கும். அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒவ்வொரு அறிவிப்பையும் வாயசைத்துக்கொண்டே கேட்பாள். தொலைந்த பொருள் அறிவிப்பு அவள் எழுதி மைக் பக்கத்தில் ஒட்டிய அட்டையில் இருந்தது. ஒரு மாலை அவள் கை நின்றது.

“ஜன்னலில் வந்து பெற்றுக்கொள்ளவும்னுதானே எழுதினேன்? இவன் அறைக்குள்ளன்னு படிக்கிறான்” என்றாள், காற்றுக் குரலில்.

தங்கை மறுநாள் போய்ப் பார்த்தாள். குளிர் வெளியே போகக் கூடாதென்று புகைபோக்கி பொருள் கொடுக்கும் அந்தச் சின்ன ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார். அட்டையைத் திருத்தியவர் கதவிலிருந்த போர்டை மறந்துவிட்டார்.

அவள் தன் கறுப்புக் குடையைப் பெஞ்சில் ‘தொலைத்தாள்’. ஒரு துப்புரவுப் பெண் அதை எடுத்துக்கொண்டு போய் அறையில் ஒப்படைத்தாள். தங்கை கதவுக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தாள். உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. பிறகு நிலையம் முழுக்க அவர் குரல்:

“கறுப்புக் குடை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அறிவிப்பு அறைக்குள் வந்து பெற்றுக்கொள்ளவும்.”

தட்டாமல் கதவைத் திறந்தாள்.

“யாரு உங்களை உள்ள வரச் சொன்னது?”

“நீங்கதான் சார். இப்பதான் கூப்பிட்டீங்க, ஊருக்கே கேட்டுச்சு.”

அவர் வாயில் சிகரெட் அப்படியே நின்றது. அவள் நிதானமாகச் சீட்டை எழுதினாள். குற்றம் நடந்த இடம் என்ற கோட்டில், ‘அறிவிப்பு அறை, பொது இடம்’ என்று அழுத்தி எழுதினாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு மேலதிகாரிகள் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடாமல் போக, பழகின முகமாச்சே என்று இழைந்தார். அவள் உறைக்குள்ளிருந்து மனுவை எடுத்து, மடிப்பை நீவி, அவர் முன்னால் விரித்தாள். அவர் ஓரத்திலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?”

“சொந்த அக்கா. கையெழுத்துப் போடுங்க. இது முதல் சீட்டு. மூணாவது சீட்டு விழுந்தா மேலாளர் பொறுப்பு போயிடும், தெரியும்ல?”

போட்டுக் கொடுத்தார். இவள் ஒழிந்தால் போதுமென்று குடையை எடுத்து நீட்டினார்.

“அடையாள அட்டையை வீட்டுல வெச்சுட்டேன் சார். அட்டை இல்லாம பொருளைக் குடுக்கக் கூடாது, உங்க விதிதான்” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

மாலை நல்ல மழை. சொட்டச் சொட்ட வந்தவளுக்கு அக்கா துண்டை நீட்டினாள்.

“குடை எங்கடி?”

தங்கை வாயில் விரல் வைத்து ஒலிபெருக்கி இருந்த திசையைக் காட்டினாள். கறுப்புக் குடை ஒன்று என்று ஆரம்பித்த குரல், ‘உரியவர்’ வந்ததும் தடுக்கியது. செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தது.

“கேட்டு யாரும் வரலைன்னா முப்பது நாள் கூப்பிடணும்க்கா, மணிக்கு ஒரு தடவை” என்றாள் தங்கை, தலையைத் துவட்டிக்கொண்டே. “கூப்பிடட்டும். கூப்பிடுற வரைக்கும் அது பொது இடம்தான். எனக்கு மழையில நனைஞ்சு பழக்கம்தான்.”

அக்கா சத்தமில்லாமல் சிரித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அடுத்த மணிக்காக ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள்.