யோகனின் குதிரைத் தொப்பி

கமலாசனி என் தங்கை. கலியாணமாகிப் பல வருஷமாக அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்த பிறகுதான் யோகன் பிறந்தான். ஐந்து வயதானதும் கோயிலில் முடி இறக்குவதாக நேர்த்தி. அதுவரை அவன் தலையில் கத்தரி படவில்லை. அந்தக் காடு மாதிரியான முடிக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுப்பது பெரியம்மாவாகிய என் வேலை. அவன் கத்துவான், நானும் கத்துவேன்.

தங்கையின் புருஷன் செல்வநாயகம் கிளிநொச்சியில் நீர்ப்பாசன ஓவசியர். குவாட்டர்ஸ் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. பள்ளிக்கூடம் தூரம், பஸ்ஸும் இல்லை. மனிதரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. யோகனைப் பள்ளியில் சேர்த்தபோது அதில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றார். தங்கை ஒரேயடியாக மறுத்துவிட்டாள். முந்திய வருஷம்தான் தபால்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டை உடைந்து செத்திருந்தார்.

"தலைக்கு ஒரு காவல் இல்லாமல் என்ரை பிள்ளையை அந்தப் பிசாசிலை ஏத்த விடன்" என்றாள்.

"சரி, தொப்பி ஒண்டு தேடுறன்" என்றார் செல்வநாயகம்.

சின்னப் பிள்ளைக்குத் தலைக்கவசம் எந்தக் கடையில் இருந்தது? யாழ்ப்பாணம் வரை போய்ப் பார்த்தார். பொலிஸ்காரர் ஒருவரிடம் பழையதொன்று வாங்கி வந்தார். அதைப் போட்டதும் யோகனின் முகமே காணாமல் போனது. தன்னுடைய வெயில் தொப்பிக்குள் பஞ்சு வைத்துத் தைத்தார். அது ஒரு பக்கம் சரிந்து நின்றது. பிள்ளை குசினியில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, "அப்பா, இது நல்லாயிருக்கு" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியில் நுவரெலியாவில் தோட்டக் கிளாக்கராக இருந்த சிநேகிதர் ஒருவர் தொப்பியொன்று அனுப்பிவைத்தார். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மகன் மட்டக் குதிரை ஓடும்போது போட்ட தொப்பியாம். வெளியே கறுப்பு வெல்வெட், உள்ளே கெட்டி, தாடைக்குத் தோல் பட்டி. யோகனின் முடியை வாரித் தலையைச் சுற்றிப் பரப்பி வைத்துப் போட்டுப் பார்த்தோம். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. தங்கை தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், குனியச் சொன்னாள், துள்ளச் சொன்னாள். தொப்பி அசையவில்லை. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பட்டியையும் அவன் தாடைக்குச் சரியாக வெட்டித் தைப்பித்தாள். அதன் பிறகுதான் அவளுக்கு நெஞ்சு ஆறியது. தினமும் பெரிய துரை மாதிரி யோகன் பள்ளிக்கூடம் போனான்.

வைகாசியில் ஐந்து வயது முடிந்தது. வற்றாப்பளைக்குப் போய் முடி இறக்கினோம். சந்தனம் பூசிய அந்த மொட்டைத் தலையைத் தங்கை கொஞ்சிக்கொண்டே இருந்தாள். பிள்ளையைத் தந்தவளுக்குக் கடனைத் தீர்த்தாச்சு, இனி ஒரு பயமும் இல்லை என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை தங்கை குசினியில் நின்றாள். வாசல் படலையடியில் செல்வநாயகம் பிள்ளைக்குத் தொப்பியைப் போட்டுப் பட்டியைப் பூட்டினார். நான் புத்தகப் பையோடு பக்கத்தில் நின்றேன். தொப்பி புருவம் வரை இறங்கியது. "மொட்டைத் துரை" என்று நான் பகிடி பண்ணினேன். மூன்று பேரும் சிரித்தோம். முடி போனால் தலையின் அளவும் போகும் என்று எங்கள் ஒருவருக்கும் புத்தி எட்டவில்லை.

வாய்க்கால் கட்டுப் பாதையில் மாடொன்று குறுக்கே ஓடியதாம். மோட்டார் சைக்கிள் சரிந்தது. யோகனின் தலை மதகுக் கல்லில் அடித்தது. தொப்பி எங்கேயோ போய் விழுந்திருந்தது.

நீர்ப்பாசனக் கந்தோர் ஜீப்பில் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். முதலில் ஓடியது நான்தான். செல்வநாயகம் சட்டையெல்லாம் இரத்தத்தோடு இறங்கினார். கையில் தொப்பி. பட்டி பூட்டியது பூட்டியபடியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். தங்கை வீட்டுக்குள்ளிருந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. அவர் பட்டியின் பக்கிளைக் கழற்றிவிட்டார்.

"கமலா, பட்டி பூட்ட மறந்துபோனன்" என்றார்.

அவள் அவரை அடித்த அடியை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். நெஞ்சில், முகத்தில், கை போன இடமெல்லாம் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. உண்மை எனக்கு வாய் வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? தன் நேர்த்திதான் பிள்ளையைக் கொன்றது என்று அவள் அன்றைக்கே கிணற்றில் விழுந்திருப்பாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு வீட்டில் சனம் காதுபடவே பேசியது. பெற்ற பிள்ளைக்கு ஒரு பட்டி பூட்டத் தெரியாத தகப்பனாம். அந்த வாய்களையெல்லாம் தைத்துவிட வேண்டும் போல எனக்கு எரிந்தது. அவர் தலையைக் குனிந்து எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தங்கை அவருக்குச் சமைத்துப் போட்டாள், முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வைகாசி வந்தால் மட்டும் கோயிலுக்குப் புறப்படுமுன் அவர் முன்னால் வந்து நிற்பாள்.

"அம்மன் தந்த பிள்ளையை நீங்கள் துலைச்சுப்போட்டியள்" என்பாள்.

"ஓம் கமலா" என்பார் செல்வநாயகம். "கவனமாய்ப் போட்டு வாரும்."