பெயர் தெரியாத கிழங்கு

ரதிதேவி ஸ்பேட் மண்வெட்டியின் விளிம்பில் காலை வைத்து உடம்பின் முழுப் பாரத்தோடும் மிதித்தாள். செருப்பைத் தாண்டி இரும்பு உறைத்தது. மறுபடி மிதித்தாள். வேலியோரப் பாத்தியிலிருந்து முதல் கிழங்கு பெயர்ந்து வந்தது. கைமுட்டி அளவு, பழுப்புத் தோல். அதிலிருந்து எழும்பிய ஊதாத் தண்டின் நுனியில் இளஞ்சிவப்புப் பூக்கள் கொத்தாக நின்றன. பெயருக்குக்கூட ஓர் இலை இல்லை.

குசினிக் கதவடியில் புஷ்பவதி நின்றாள். ரதிதேவியின் புருசன் குலசிங்கத்தின் தமக்கை. தம்பி செத்த செய்தி கேட்டு வெலிங்டனிலிருந்து வந்தவள்.

"ரதி, என்ன செய்யிறாய்?"

"தெரியேல்லையே மச்சாள்? கிண்டுறன்."

"பெட்டி வாற நேரம். முன்னுக்குச் சனம் வந்து குந்தியிருக்குது. செத்த வீட்டில ஆரும் தோட்டம் கொத்துவினமோ?"

"உங்கட தம்பி செத்ததே தோட்டத்திலதானே."

புஷ்பவதி உள்ளே போனாள். கதவு மெல்லச் சாத்துப்பட்டது.

இன்று காலை வரைக்கும் ரதிதேவி அழுதுகொண்டுதான் இருந்தாள். பிறகு பக்கத்து வீட்டு மிசிஸ் டாசன் ஒரு தட்டு ஸ்கோன் பணிசோடு வந்து, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். போன கிழமை தன் வீட்டுப் படியில் குலசிங்கம் நெஞ்சைப் பொத்திக்கொண்டு இருந்ததாகச் சொன்னாள். டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்று கார்ச் சாவியைக்கூட எடுத்தாளாம். அவர் மறுத்துவிட்டாராம். ரதிக்குச் சொல்லவேண்டாம், பயந்துபோவாள் என்றாராம்.

அத்தோடு ரதிதேவியின் அழுகை நின்றுபோனது. ஸ்கோன் தட்டை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நேரே கொட்டிலுக்குப் போய் ஸ்பேட்டை எடுத்தாள்.

அதே கிழமை அவளிடம் அவர் சொன்னது வேறு. வாய்வு என்றார். அவள் ஓமமும் இஞ்சியும் போட்டு அவித்துக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதற்காக, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். "பாத்தியே, வாய்வு போட்டுது," என்றார். அடுத்தநாளும் அவித்தாள். அடுத்தநாளும் ஏப்பம்.

இரண்டாவது கிழங்கைக் கிளப்பினாள். பிளந்துகொண்டு வந்தது. வெள்ளைச் சதையிலிருந்து பசைபோல நீர் வடிந்தது.

இந்த வீட்டுக்கு வந்த முதல் வருசம் இப்படி ஒன்றை வெங்காயம் என்று நினைத்து அவள் குசினியில் வெட்டிவிட்டாள். குலசிங்கம் பாய்ந்து வந்து பலகையைத் தட்டிவிட்டார். "நஞ்சடி, கையைக் கழுவு," என்று வீடு அதிரக் கத்தினார். அவர் அவள்மேல் சத்தம் போட்டது வாழ்நாளில் அந்த ஒருநாள்தான். பிறகு வெட்டின துண்டுகள் கம்போஸ்ட் குப்பைக்குள் போக, மிச்சத் தண்டைக் கொண்டுவந்து பாடம் நடத்தினார். தண்டு உள்ளுக்கு நிறைந்திருந்தால் இந்தப் பெலடோனா லில்லி, கோறையாய் இருந்தால் வேறு சாதி. இலை மாரியில் வரும், கோடையில் சாகும், பூ தனியாக இலையுதிர் காலத்தில் வரும். வெள்ளைக்காரர் இதற்கு வைத்திருக்கும் செல்லப்பேரை மட்டும் அவர் சொல்லவில்லை. அதை மிசிஸ் டாசன்தான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: உடுப்பில்லாத பெண்டுகள்.

கிழங்குக்குக் கத்தத் தெரிந்த மனுசன். தன் நெஞ்சுக்கு அதில் கால்வாசியாவது கத்தியிருக்கலாம்.

"அம்மா." உஷா வந்து நின்றாள். பள்ளிக்கூடக் கறுப்புப் பாவாடை, தகப்பனுடைய கம்பளிச் சட்டை. "தே ஆர் ஹியர்."

பெட்டி வந்துவிட்டது.

ரதிதேவி குனிந்து முதல் கிழங்கைத் தூக்கினாள். மண், வேர், தண்டு, பூ எல்லாவற்றோடும் அதை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே போனாள்.

சோபாக்களை வெளியேற்றிய முன்னறையில் பெட்டி திறந்திருந்தது. குலசிங்கம் எல்லர்ஸ்லியிலிருந்த தன் வேலைக் கந்தோருக்குப் போடும் கோட்டில், புருவத்தில் யாரோ சீப்புப் போட்டதுபோல், அவரில்லாத ஒருவராகக் கிடந்தார். ரதிதேவி கிழங்கை அவருடைய கைக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைப் பட்டில் ஈர மண் அப்பியது. கறுப்புச் சூட் போட்டிருந்த சவச்சாலைக்காரன் ஓர் அடி முன்னே வந்து, பிறகு நின்றுவிட்டான்.

"கிழங்கை வெட்டிப்போட்டுப் பூவை மட்டும் வை பிள்ளை," என்றாள் புஷ்பவதி தாழ்ந்த குரலில்.

"அவற்ர சாமான். அவரே கொண்டுபோகட்டும்."

பின்னால் செத்தவீட்டுக்கு வந்திருந்த செல்வநாயகி பக்கத்திலிருந்தவளிடம், "என்ன பாசம் பாருங்கோ," என்று மூக்கை உறிஞ்சினாள். ரதிதேவி திரும்பி அவளை ஒருதரம் பார்த்தாள். செல்வநாயகி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாரும் வாய்க்கரிசி போட்டு முடிந்தது. புஷ்பவதி கிட்ட வந்து, "கொடி," என்றாள்.

ரதிதேவி தாலிக்கொடியைத் தானே கழற்றினாள். கழுத்து வியர்த்திருந்ததால் தலைமயிரில் சிக்கி, இழுக்கவேண்டி வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு மேலே குனிந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். அறைக்கே கேட்டது. "அந்த ஏப்பத்தை என்னத்துக்கு விட்டனீங்கள்?"

தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கி, புறப்பட்டுப் போகும் சத்தம் முழுக்கக் கேட்டது. அவள் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் குனிந்தபடியே நின்றாள். பிறகு கொடியை அவருடைய கோட்டின்மேல் வைத்தாள்.

பொட்டை அழிக்கப் புஷ்பவதியின் கை ஈரத்துணியோடு நெற்றிக்கு வந்தது. ரதிதேவி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கவில்லை, விடவும் இல்லை. மச்சாளின் கண்ணில் நீர் நிறைந்தது. கடைசியில் கை தானாகத் தளர்ந்து கீழே போனது.

ஆண்கள் கார்களில் பெட்டியின் பின்னால் போனார்கள். உஷாவும் போனாள். அவள் ஒருவரையும் கேட்கவில்லை. ஒருவரும் அவளை மறிக்கவும் இல்லை.

ரதிதேவி தலைமுழுகிவிட்டு மறுபடி பாத்திக்கு வந்தாள். ஸ்பேட் குத்திய இடத்திலேயே நின்றது. மிச்சத்தையும் கிண்டிப்போடவேண்டும். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொன்றையும் புல்லில் எறிந்தாள். பாத்தியின் கடைசிக்கு வந்தாள்.

அங்கே இருந்தது பெயர் தெரியாத கிழங்கு. எப்சம் பக்கம் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டு வளவிலிருந்து குலசிங்கம் பொறுக்கி வந்தது. வந்து மூன்று வருசமாகியும் பூக்கவில்லை. மிசிஸ் டாசன் அதுவும் பெலடோனாதான் என்றாள். அவரோ, இல்லை, இது நெரீன் என்ற வேறு பூ என்றார். இதழ் சுருண்டு சுருண்டு வரும், பாருங்கோ என்றார். "பூ வந்தாத்தான் ஆர் வென்றதெண்டு தெரியும். அதுவரைக்கும் இதுக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் காட்டாதை ரதி. அழுகிப்போம்."

அவள் ஸ்பேட்டை அதன் பக்கத்தில் குத்திக் காலைத் தூக்கி வைத்தாள். அப்போதுதான் கண்டாள். மண்ணுக்கு வெளியே நின்ற கிழங்குக் கழுத்தின் நடுவில் ஒரு சிவப்பு முனை. நகக்கண் அளவு.

வேலிக்கு அப்பால் மிசிஸ் டாசனின் தொப்பி தெரிந்தது. பூ வந்துவிட்டதா, எது என்று தெரிகிறதா என்று அவள் மெல்லக் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் தொப்பி போய்விட்டது.

ரதிதேவி குனிந்து பார்த்தாள். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது. காலை எடுத்தாள். கொட்டிலடியில் கிடந்த வாளியைக் கொண்டுவந்து கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தாள். ஈரத் தலையிலிருந்து தண்ணீர் கிழங்கடி மண்ணில் சொட்டியது. அவள் கூந்தலை அள்ளி மற்றத் தோளுக்குப் போட்டாள்.